யாரும் போடாத சங்கு

கடற்கரைப் பாறை இடுக்கு ஒன்றில் சங்கு நண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன. முதுகுக்கு ஓடு இல்லாத இனம் அது. செத்துப்போன நத்தைகளின் சங்குதான் வீடு, உடுப்பு எல்லாம். உடம்பு வளர்ந்துவிட்டால், பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பது கழற்றும் சங்குக்குள் பின்னால் நிற்பது சட்டென்று புகுந்துகொள்ளும்.

கொடுக்காயி என்ற நண்டு மட்டும் வரிசைக்கு வருவதை நிறுத்திவிட்டது. அடைமழையின்போது பக்கத்து நண்டு ஒன்று வயிற்றில் வெள்ளைப் பூஞ்சை பூத்துச் செத்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 'பழைய சங்கால்தான்!' என்று கொடுக்காயி முடிவுகட்டிவிட்டது. அடுத்தவர் கடித்த பாசியைத் தொடாது. அடுத்தவர் முங்கிய குட்டையில் முங்காது. கடைசியில், தள்ளியிருந்த ஒற்றைப் பாறைக்கே குடிபோய்விட்டது.

சாயங்காலமானால் இடுக்கிலிருந்து சங்கோடு சங்கு உரசும் சத்தம் வரும். யாரோ ஏதோ சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று கொடுக்காயிக்குக் கேட்காது. கேட்காவிட்டாலும் கொஞ்சம் சிரித்துவைக்கும்.

நாளாக ஆக அதன் சங்கு இறுக்கிப் பிடித்தது. பாதி உடம்பு வெளியே தொங்கியது. பழைய சிநேகிதி உருளி தேடி வந்தது.

"அடியே! கடற்காகம் வர்ற காலம். உடம்பை மூட வேண்டாமா? இன்னிக்கு வரிசை இருக்கு, வந்து நில்லு. என் சங்கு உனக்குச் சரியா இருக்கும்!"

"உன் சங்கா? அதுக்கு முன்னாடி யார் போட்டதோ! சொறி இருந்ததோ, சிரங்கு இருந்ததோ!"

"அலசித் தர்றேண்டி!"

"அலசினா போயிடுமா? எனக்கு யாரும் போடாத சங்குதான் வேணும்!"

இடுக்கிலிருந்து நெட்டையன் என்ற நண்டு கத்தியது: "விடு உருளி! மகாராணிக்குக் கடலே தச்சு அனுப்பும்!"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை கொடுக்காயிக்கு நன்றாகவே கேட்டது.

அன்றைக்கே அலை ஒரு புதுச் சங்கைக் கொண்டுவந்து போட்டது. நத்தை செத்த கையோடு வந்தது. எந்த நண்டும் நுழையாதது. "பார்த்தீங்களா!" என்று கொடுக்காயி பழையதை உதறிவிட்டு உள்ளே இறங்கியது. இறங்க முடியவில்லை. புதுச் சங்கின் உள்சுவர் தடித்து, சொரசொரவென்று, முதுகைப் பிறாண்டியது. கால்வாசி உடம்புகூட நுழையவில்லை. திரும்பிப் பார்த்தால் பழைய சங்கை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெற்று முதுகோடு நின்றது கொடுக்காயி. மேலே ஒரு நிழல் வட்டமிட்டது.

"கடற்காகம்!" என்று இடுக்கே அலறியது. எல்லாரும் அவரவர் சங்குக்குள் சுருங்கினார்கள்.

"இங்க ஓடிவா!" உருளியின் குரல். "நான் பெரிய சங்குக்கு மாறிட்டேன். என் பழைய சங்கு அப்படியே கிடக்கு. வரிசையில உன் இடம் காலியாத்தான் இருக்கு!"

கொடுக்காயி ஓடியது. சங்கின் வாயருகே வந்தும் நின்றுவிட்டது. மோந்து பார்த்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தது. அந்த ஒரு கணம் போதும். கடற்காகம் பாய்ந்து அதன் வலது கொடுக்கைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

மிச்ச உடம்பைக் கொடுக்காயி உள்ளே இழுத்துக்கொண்டது. சிரங்கு வாடை இல்லை. வெறும் உப்பு வாடைதான். உள்ளே தாராளமாக இருந்தது. எத்தனையோ நண்டுகள் இருந்து இருந்து சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தன. ஓரிடத்தில் உருளியின் இடுப்பு அளவுக்கு ஒரு குழிவு. கொடுக்காயி அதில் சாய்ந்துகொண்டது. யார் மேலும் சாய்ந்து எத்தனை காலமாயிற்று!

வெளியே உருளி மெதுவாகத் தட்டியது. "வலிக்குதாடி?"

கொடுக்காயி உள்ளிருந்து ஒரு தட்டு தட்டியது.

நோய்க்கு அஞ்சிக் கழுவிக்கொள்வது நல்லதுதான். ஆனால் கூட இருப்பவர் தொட்டதையெல்லாம் நோயென்று ஒதுக்கினால், கடைசியில் ஒதுங்கிப்போவது நாம்தான்.