முதலாளி ஆமைகள்

பெரிய ஏரி ஒன்றில் கல்முதுகன் என்ற ஆமை இருந்தது. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பொட்டலம் சுமப்பதுதான் அதன் பிழைப்பு. தேனடை, கிழங்கு, மூலிகை, எது வந்தாலும் முதுகில் கட்டிக்கொண்டு நீந்தும். அந்தத் தொழிலை நடத்தியது நழுவன் என்ற நீர்நாய்.

முதல் நாளே நழுவன் ஒரு தாமரை இலையை நீட்டியது. "இதில் கால் பதியுங்கள், முதலாளி!"

"முதலாளியா? நானா?"

"பின்னே! உங்கள் ஓடு, உங்கள் கால், உங்கள் நீச்சல். என்னிடம் வேலைக்காரர்களே கிடையாது. இங்கே சுமக்கிறவர்கள் எல்லோரும் முதலாளிகள்!"

கல்முதுகனுக்குத் தலைகால் புரியவில்லை. இலையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் காலைப் பதித்தது.

அன்றிலிருந்து முதலாளியின் ஓட்டில் நழுவனின் பாதச் சுவடு செம்மண்ணால் பூசப்பட்டது. எந்த வழியாக நீந்துவது என்பதை நழுவன் சொன்னது. தாமரை கூம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நழுவனே சொன்னது. வழியில் மூச்சு வாங்க நின்றால், தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கும் தட்டான் போய்ச் சொல்லிவிடும். ஒரு பொட்டலத்தை வேண்டாம் என்றால் மூன்று நாளைக்கு வேறு பொட்டலம் கிடையாது.

ஏரிக்கரையில் கரியாள் என்ற எருமை இருந்தது. யானையின் கரும்புத் தோட்டத்தில் வேலை. குளம்பில் முள் குத்தியதால் யானை அதற்குப் பச்சிலை கட்டி, ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தது.

"என்ன இருந்தாலும் நீ கூலிக்காரிதானே!" என்றது கல்முதுகன். "நான் முதலாளியாக்கும்!"

எருமை அசைபோட்டபடியே கேட்டது: "முதலாளியின் முதுகில் எதற்கு நீர்நாயின் கால்?"

தட்டான் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆமை அவசரமாக நீந்திப் போய்விட்டது.

ஆடி மாதக் காற்றில் ஏரி கொந்தளித்தது. "இன்று அந்த வழி வேண்டாமே" என்று ஆமை கெஞ்சியும் நழுவன் விடவில்லை. அலை அதைத் தூக்கி மதகுக் கல்லில் அடித்தது. ஓட்டில் விரிசல் விழுந்தது. அப்படியும் பொட்டலத்தைச் சேர்த்துவிட்டு, வலியில் முனகிக்கொண்டே நழுவனிடம் வந்தது.

"அடடா, முதலாளி! ஓடு உங்கள் சொத்தாயிற்றே. அதில் நான் கை வைக்கலாமா? நீங்களே மருந்து பார்த்துக்கொள்ளுங்கள்!"

"நான்கு நாள் ஓய்வாவது கொடுங்களேன்."

"முதலாளிக்கு ஓய்வு கொடுக்க நான் யார்?"

"அப்படியானால் நாளைக்கு நான் வரவில்லை."

"வராவிட்டால் உங்களுக்கு இனிமேல் பொட்டலமே கிடையாது!" என்று பல்லைக் காட்டியது நழுவன்.

கல்முதுகன் கரையேறிப் படுத்தது. ஓட்டின் வலியைவிட, எருமையிடம் பீற்றிக்கொண்டதை நினைத்தபோதுதான் அதிகம் வலித்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. யோசித்து முடித்ததும், மற்ற ஆமைகளைத் தேடிப் போனது.

மறுநாள் காலை முப்பது ஆமைகள் மணலில் வரிசையாக வெயில் காய்ந்தன. பொட்டலங்கள் மலைபோல் குவிந்தன. வரவேண்டிய மூலிகை வரவில்லையே என்று யானையே கரைக்கு வந்துவிட்டது.

நழுவன் மூச்சிரைக்க ஓடிவந்தது. "ஏன் ஒருவரும் வேலைக்கு வரவில்லை?"

"முதலாளிகள் இன்று வெயில் காய்வதாக முடிவு செய்திருக்கிறோம்" என்றது கல்முதுகன்.

"யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?"

"முதலாளி யாரைக் கேட்க வேண்டும்?"

நழுவனுக்கு மீசை துடித்தது. மரியாதையெல்லாம் பறந்தது. "அடேய் ஆமைப் பயலே! உன்னை இந்த நிமிடமே வேலையை விட்டு நீக்குகிறேன்!"

யானை மெல்லத் தும்பிக்கையை உயர்த்தியது.

"நழுவா, உன்னிடம் வேலைக்காரர்களே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தாயே. இல்லாத வேலைக்காரனை எப்படி அப்பா நீக்குவாய்?"

"அது... வாய் தவறி வந்துவிட்டது, ஐயா!"

"இல்லை. இன்றைக்குத்தான் உன் வாயில் உண்மை வந்திருக்கிறது" என்றது யானை. "வழி சொல்வது நீ, நேரம் வைப்பது நீ, தண்டிப்பதும் நீ. ஆகவே இவர்கள் உன் ஆட்கள். அடிபட்டால் மருந்தும் ஓய்வும் நீதான் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் நீயே சுமந்துகொள்!"

நழுவன் பொட்டல மலையைப் பார்த்தது. காற்றில் புரளும் ஏரியைப் பார்த்தது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே பச்சிலை அரைக்க உட்கார்ந்தது.

"அசையாதே, கல்முதுகா!" என்று எரிந்து விழுந்தபடியே ஓட்டில் மருந்து பூசியது. இப்போது முதலாளி என்று அழைக்கவில்லை. ஆமையும் அதை எதிர்பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

நீதி: ஒருவன் உனக்குப் பெரிய பட்டம் கொடுத்தால், அதனால் அவன் எந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்கிறான் என்று முதலில் பார்.