தேய்ந்த மூலை

மருதமுத்துவின் லைன் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. வாடகை குறைவான அறை. அதற்குச் செலவு கையைக் கடிக்காமல், தலைமுறைக்கும் உழைக்கிற மாதிரி ஒரு தரை போட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாதல்லவா?

அவன் குருவாக மதித்த செண்பகத்தம்மா அவனைவிட இளையவள். அவளை அழைத்துவந்து அறையைக் காட்டினான்.

அந்த அறையை வாடகைக்குக் கேட்டு வந்த பவுனம்மா வாசற்படியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. குழந்தை வரப்போகிற குடும்பம் என்று தெருவில் ஒருவரும் வீடு கொடுக்கவில்லை. இவனும் மடியிலிருந்த சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. பிள்ளை வந்தால் தரை என்ன கதியாவது?

உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, டைல்ஸ், கடப்பா கல் என்று மாதிரித் துண்டுகளைப் பரப்பியிருந்தான். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் காட்டினான்.

"எதும்மா ரொம்ப நாள் உழைக்கும்?"

"இருக்கிற சிமென்ட்டுக்கு என்ன குறை?"

"அந்த மூலையைப் பாருங்க. குடியிருந்தவங்க படுத்துப் படுத்தே தேச்சுட்டாங்க."

"அங்க கொஞ்சம் படு."

படுத்தான். உச்சி வெயில் நேரத்திலும் அந்த மூலை குளுகுளுவென்று இருந்தது. கண் தானாகச் செருகியது.

சுவர்கள் மெல்ல விலகிப் போயின. தரை குளம்போல அசைந்தது, ஆனால் நனைக்கவில்லை. அவனைச் சுற்றி யார் யாரோ பாய் விரித்துத் தூங்கினார்கள். எல்லாம் அந்த அறையில் குடியிருந்து போன முகங்கள். அவர்களுக்கு நடுவே ஒருவன் தலைமாடு தலைமாடாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தான். "நகரு, நீ எவ்வளவு தேச்சிருக்கேன்னு பாக்கணும்" என்றான். அவன் மடியில் சாவி குலுங்கியது.

மருதமுத்து திடுக்கிட்டு விழித்தான். வெயில் சுவரேறியிருந்தது. குரு பக்கத்திலேயே இருந்தாள். கண்டதை அவளிடம் சொன்னான்.

"யாரு அவன்?"

மருதமுத்து தன் மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

"அசந்து தூங்கிட்ட. எழுப்பட்டுமான்னு பவுனம்மாகிட்ட கேட்டேன். தூங்குறவங்களை எழுப்பாதீங்க, நான் காத்திருக்கேன்னு சொல்லிட்டா."

எட்டிப் பார்த்தான். அவள் வெயிலிலேயே மூட்டைமேல் சாய்ந்திருந்தாள். அவன் மடியிலிருந்து சாவியை எடுத்தான்.

"எந்தத் தரை போடட்டும்மா?"

"அவகிட்ட கேளு. படுக்கப்போறவ அவதானே."