சோம்பேறிக் கண்ணாடி

புதுச்சேரியில் மில் சங்கு ஊதுவது என்றைக்கோ நின்றுவிட்டது. அந்த மில்லில் வேலை பார்த்த சவரிராயன் கதை அளப்பது மட்டும் நிற்கவில்லை. கேட்பதற்கு மிஞ்சியிருந்தவர் பழைய கூட்டாளி கலிவரதன் ஒருவர்தான். ஒரு சொல்லையும் நம்பமாட்டார், ஒரு நாளும் வராமல் இருக்கமாட்டார்.

அன்று மத்தியானம் இருவரும் வழக்கமாகக் குடிக்கப் போகும் பாருக்குள் நுழைந்தபோது பழைய மரப் பெஞ்சுகள் போய், அந்த இடத்தில் வழவழவென்று சோபாக்கள் கிடந்தன. முதலாளி தனபூபதி, சுவரை அடைத்திருந்த பெரிய கண்ணாடியையும் கழற்றிவிட்டு டிவி மாட்டுவதற்காகத் தச்சரை ஸ்டூலில் ஏற்றியிருந்தார். சவரிராயன் எப்போதும் அந்தக் கண்ணாடிக்கு எதிரே, வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். யார் வந்தாலும் அதில் தெரியும். கண்ணாடி போனால் இந்த ஆளும் வரமாட்டார் என்று கலிவரதன் பயந்தார்.

சவரிராயன் தச்சரைக் கையமர்த்திவிட்டு, தனபூபதியிடம் ஆரம்பித்தார். "உங்கப்பா காலத்துல பீர் என்ன விலை தெரியுமா தம்பி? பீரைவிடக் காலி பாட்டிலுக்கு விலை ஜாஸ்தி. குடிச்சிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா மீதிக் காசு நம்ம கைக்கு வரும். அப்படிக் குடிச்சுக் குடிச்சுதான் என் தங்கச்சி கல்யாணத்தையே முடிச்சேன்."

"அப்ப கடைக்காரருக்கு என்னய்யா லாபம்?" என்றார் கலிவரதன்.

"மூடி மிச்சமாச்சே. அதை எடைக்குப் போட்டுத்தான் இவங்கப்பா மாடி வீடு கட்டினாரு."

அந்த மாடி வீட்டில்தான் தனபூபதி குடியிருந்தார். மறுக்க மனசில்லாமல் சிரித்துவிட்டார்.

சிரிப்பைக் கண்டதும் சவரிராயனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால் கிளாஸிலிருந்து நுரை கிளம்பிக் கடலூர் வரைக்கும் போகுமாம். அங்கே கோயிலுக்குப் போன ஆசாமிகள் மீசையில் நுரையோடு வீடு திரும்பி, குடிக்காமலே பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம். கடலூரில் என் மச்சான் இருக்கிறான், அவனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே என்றார் கலிவரதன். அந்த மச்சானுக்கு மீசை உண்டா என்று கேட்டார் சவரிராயன். இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தச்சர் மறுபடியும் திருப்புளியைத் தூக்கினார்.

"தொடாதப்பா. அது சோம்பேறிக் கண்ணாடி. ஆள் எழுந்து போனாலும் உள்ள இருக்கிற உருவம் லேசுல எழுந்திருக்காது. பொம்பளைங்க புருஷனைத் தேடி வந்து, கண்ணாடில இருக்கிறவனைத் திட்டித் தீர்த்துட்டுப் போவாங்க. நிஜ ஆள் பின்வாசல் வழியா நழுவிடுவான். எங்க ஷிப்டு ஆளுங்க மொத்தப் பேரும் இன்னும் உள்ளதான் உட்கார்ந்திருக்காங்க. நீ கழட்டினா அத்தனை பேரும் கீழ விழுந்து, பழைய விலைக்குப் பீர் கேப்பாங்க. முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா?"

தச்சர் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டார். முதல்முறையாக, நம்பிவிட்டால்தான் என்ன என்று இருந்தது கலிவரதனுக்கு.

தனபூபதி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சித்தப்பா, அப்பா வாங்கின கண்ணாடி உடைஞ்சு போச்சு. நீங்க கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்ப நான் புதுசா மாட்டினது இது."

சவரிராயன் எழுந்து பக்கத்தில் போய், தன் முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"அதானே பார்த்தேன். பழசுல நான் இவ்வளவு கிழவனாத் தெரிஞ்சதே இல்ல."

தனபூபதிக்கு என்னவோ போலாகிவிட்டது. டிவியை எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார்.

கலிவரதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பழசுலயும் நீ கிழவன்தான்யா," என்றார். "அதான் சோம்பேறின்னியே, காட்டுறதுக்கு லேட் பண்ணியிருக்கும்."