மென்றதைச் சொல்லும் பல்

அந்தக் காலத்தில், குரங்குகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அவற்றின் பல்லுக்குத் தேய்மானமே கிடையாது. இலை மென்றாலும், கொட்டை உடைத்தாலும், மண்ணோடு கிழங்கைத் தின்றாலும், முளைத்த அன்று இருந்த மாதிரியே வழுவழுவென்று இருக்கும்.

ஒரு வருஷம் மலையில் காய்ப்பு குறைந்துபோனது. அடைமழைக்கு ஆகுமென்று எல்லாரும் சேர்ந்து நாங்கு மரத்துக் கொட்டைகளை ஒரு பொந்தில் போட்டு வைத்தார்கள். காவலுக்குக் கொம்பையன் என்கிற சிங்கவால் குரங்கு. பொதுவில் வைத்ததைத் தின்றவர் காட்டைவிட்டே போய்விட வேண்டும் என்று பேச்சு.

மழைக்கு நாலு நாள் இருக்கும்போது பார்த்தால், பொந்தில் பாதிதான் இருந்தது. நீலி என்ற கருமந்தி தங்கியிருந்த மரத்தடியில் இரண்டு கொட்டையின் ஓடு கிடந்தது.

“சத்தியமா நான் தின்னலை அண்ணே. எங்களுக்கு இலைதானே சாப்பாடு” என்றாள் நீலி, கொம்பையனைப் பார்த்து. அவள் மடியில், காய்ச்சலில் கிடந்து எழுந்த குட்டி.

“அப்போ ஓடெல்லாம் காலாற நடந்து வந்துச்சாக்கும்!” என்றது ஒரு நாட்டுக்குரங்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

கொட்டப்போகிற மழையில் இந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? கண்ணை மூடி வேண்டினாள்: “சாமி, அவரவர் எதை மென்றாரோ, அது அவரவர் பல்லிலேயே தெரியட்டும்.”

சாமி கேட்டுவிட்டார்.

ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். இலை மென்றவர்களுக்குச் சீப்பால் இழுத்த மாதிரி மெல்லிய கோடுகள். மண்ணோடு தின்கிற நாட்டுக்குரங்குக்குப் பல் மழுங்கித் தட்டையாகியிருந்தது. நீலியின் பல்லிலோ, கோடுகளுக்கு நடுவே கொட்டை கடித்த இரண்டு மூன்று குழிகள்!

குட்டிக்காக மென்றதும் தன் பல்லில் தெரியும் என்று அவள் நினைக்கவே இல்லை. மடியில் கிடந்த குட்டியைக் காட்டிச் சொன்னாள்.

“குட்டி மூணு நாளா பால் குடிக்கலை. ரெண்டே கொட்டை. கூழா மென்னு அது வாயில வச்சேன். என் தொண்டையில ஒரு துளி இறங்கலை. இது தின்னதுல சேருமா அண்ணே? எனக்குத் தெரியலையே.”

சேரும் என்றார்கள் பாதிப் பேர். சேராது என்றார்கள் மீதிப் பேர்.

“ரெண்டுதானே இவ எடுத்தது? மத்ததெல்லாம் எங்கே?” என்று யாரோ கேட்டார்கள். கொம்பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. திறக்க வைத்தார்கள். பல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி.

“கெட்டுப்போச்சான்னு கடிச்சுப் பார்த்தேன். காவல்காரன் பார்க்க வேண்டாமா?”

“பார்த்துட்டுத் திருப்பி வைக்கிறதுதானே?”

“எச்சிலை எப்படிப் பொதுவில வைக்கிறது?”

யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது? பேசப் பேசக் குழப்பம்தான் கூடியது. நாலு நாள் முன்னதாகவே மழை பிடித்துக்கொள்ள, ஆளுக்கொரு மரத்தில் ஏறிவிட்டார்கள். நீலியை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. குட்டியை அணைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

“போதும் சாமி, அழிச்சிடு” என்று அவள் வேண்டினாள். சாமி அழிக்கவில்லை. ஏனென்று நமக்கும் தெரியாது.

அன்று முதல்தான் குரங்கின் பல் மெல்ல மெல்லத் தேய்கிறது. இலைக்குக் கோடு, கொட்டைக்குக் குழி, மண்ணுக்கு மழுங்கல். எதை மென்றது என்று அந்தப் பல் சொல்லிவிடும். யாருக்காக மென்றது என்று மட்டும் சொல்லத் தெரியாது.