பின்சக்கரத்துப் பாம்பு

மலையடிவாரத்து மடத்திலிருந்து காலையில் முதலில் வெளியே போவது கஞ்சித் தூக்குதான். சபாநடேசன் அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கருவேலங்காட்டைத் தாண்டிப் போவார். காட்டுக்கு அந்தப் பக்கம், இடிந்த சுண்ணாம்புக் காளவாயை ஒட்டிய குடிசையில் தாண்டவன் படுத்திருப்பான். இரண்டு காலும் விளங்காதவன். கஞ்சி குடித்த பிறகுதான் அவன் வலிப்பு மாத்திரையை விழுங்க முடியும். வெறும் வயிற்றில் விழுங்கினால் வாந்தி எடுத்துவிடுவான்.

நேற்று கஞ்சி போய்ச் சேரவில்லை. இன்றும் தூக்கு நிறைந்தபடியே திரும்பி வந்தது.

சபாநடேசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பின்சக்கரத்தில் பொட்டுக் காற்று இல்லை.

மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அரசியம்மா. சபாநடேசனைவிட வயதில் ரொம்ப இளையவர். பஸ் கண்டக்டராக ஊரையே அதட்டி ஏற்றி இறக்கிய மனிதர், ஓய்வு பெற்றபின் அவரைத் தேடி வந்து சீடராகச் சேர்ந்திருந்தார்.

"தாண்டவன் சாப்பிட்டானா ஐயா?"

"என்னால முடியலைம்மா. வேற யாரையாவது அனுப்புங்க."

"யாரை அனுப்பறது?"

மடத்தில் சைக்கிள் விடத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான். அரசியம்மாவின் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது.

"அது என்னை விடாதும்மா."

"எது?"

அவர் பெயரைச் சொல்லவில்லை. கையைத் தூக்கி, விரல்களைக் குவித்துப் படம்போலக் காட்டினார்.

நடந்தது இதுதான். போன மாதம் காட்டுப் பாதையில் குறுக்கே போன நாகத்தின் வால்மேல் சைக்கிள் ஏறிவிட்டது. அது படமெடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தது. வாலை மிதித்தவனை நாகம் மறக்காது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். புற்றைத் தேடிப்போய் முட்டை வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்சக்கரத்துக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்துப் பார்த்தார். நாகம் மனம் இரங்கியதாகத் தெரியவில்லை.

"மறுபடி பார்த்தீங்களா?" என்றார் அரசியம்மா.

"பார்க்கலை. கேட்டேன். மடத்தை விட்டு இறங்கினதுமே பின்னால உஸ்ஸுன்னு வருது. எவ்வளவு வேகமா மிதிச்சாலும் கூடவே வருது."

"நின்னு பார்க்கறதுதானே?"

"நிக்கறதா? அது காதுல விழக்கூடாதுன்னுதான் தேவாரத்தைத் தொண்டை கிழியப் பாடிட்டுப் போறேன்."

"அப்புறம்?"

"பாதி வழியில மதகுக் கல்லுல ஏறும்போது டொக்குனு ஒரு கொத்து. அவ்வளவுதான், காத்து இறங்கிடும். டியூபைக் கழட்டிப் பார்த்தா ரெண்டு ஓட்டை. பக்கத்துப் பக்கத்துல, பல்லு பட்ட மாதிரி."

"ஒட்டுப் போட்டீங்களா?"

"முந்தாநாள் தள்ளிக்கிட்டே போய்க் கஞ்சியைக் கொடுத்துட்டு வந்து போட்டேன். நேத்து திரும்ப ரெண்டு. அதையும் ஒட்டினேன். இன்னிக்கும் ரெண்டுதான் இருக்கும், பாருங்க." அவர் தூக்கை இறக்கி வைத்தார். "இன்னிக்கு டியூபைக் கொத்தினது நாளைக்கு என் காலைக் கொத்தாதாம்மா?"

சபாநடேசனுக்கு இரவில் தூக்கம் இல்லை. தாண்டவன் வாசலைப் பார்த்துக் கிடப்பான் என்பதும் தெரியும். அது தனியாக வதைத்தது.

அரசியம்மா சிரிக்கவில்லை. கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு நொண்டியபடி வந்தார்.

"டயரைக் கழட்டுங்க."

கழற்றினார். டியூபில் ஜோடி ஜோடியாக ஒட்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு ஓட்டைகள்.

"டயருக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க. பல்லு எங்கே இறங்கியிருக்கு?"

சபாநடேசன் தயங்கித் தயங்கிச் சுற்றிலும் தடவினார். முள் இல்லை, கிழிசல் இல்லை, ஊசி முனையளவு துளைகூட இல்லை.

"மேல டயர்ல படாம, உள்ள டியூபை மட்டும் எப்படிக் கொத்தும்?"

சபாநடேசன் யோசித்தார். "அதுக்கு அந்தச் சக்தி உண்டும்மா."

அரசியம்மா ஒட்டுப் போடச் சொன்னார். டயரை மாட்டச் சொன்னார். காற்றை நிறைய அடிக்கச் சொன்னார்.

"இப்போ விரல்ல எச்சிலைத் தொட்டு வால்வு வாயில வைங்க."

வைத்தார். எச்சில் மெல்ல உப்பியது. குமிழாகி உடைந்தது. மறுபடி உப்பியது.

"காதைக் கிட்ட வைங்க."

சபாநடேசன் மண்டியிட்டார். காது வால்வை நெருங்கியதும் உடம்பு தூக்கிப் போட்டது. எழுந்து ஓடப் பார்த்தவரின் தோளை அரசியம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கேளுங்க."

கேட்டார்.

"இதேதாம்மா," என்றார். "இந்தச் சத்தம்தான்."

அரசியம்மா வால்வைக் கழற்றினார். உள்ளே மாட்டியிருந்த சின்ன ரப்பர் குழாய் நைந்து வெடித்திருந்தது. அதைப் பிய்த்துச் சபாநடேசனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது வழியா காத்து போகுது. நீங்க மதகுக்குப் போறதுக்குள்ள டயர் தொய்ஞ்சுடுது. அப்போ கல்லுல ஏறினா, ரிம்மோட ரெண்டு விளிம்பும் டியூபை நசுக்கிடும். ரெண்டு விளிம்பு, ரெண்டு ஓட்டை."

சபாநடேசன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளிப் போட்ட நகமளவு ரப்பர் அது.

அரசியம்மா புதுக் குழாயில் ஒரு துண்டு நறுக்கி, எச்சில் தொட்டு வால்வில் ஏற்றி முடுக்கினார். சபாநடேசன் மறுபடி காற்றடித்தார். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் அமுங்கவில்லை. எச்சில் வைத்துப் பார்த்தார், குமிழ் வரவில்லை. யாரும் சொல்லாமலே காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது.

கஞ்சியைச் சுடவைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தார் அரசியம்மா. சபாநடேசன் அதை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"அப்போ அது இல்லவே இல்லைங்களாம்மா?"

"வாலை மிதிச்சீங்களா, இல்லையா?"

"மிதிச்சேன்."

"அப்போ இருக்கு. அது அங்கே குடியிருக்கு ஐயா. நான் கஞ்சி கொண்டு போன காலத்துலயும் இருந்துச்சு."

சபாநடேசன் முகத்தில் ஈயாடவில்லை.

"பின்னே இவ்வளவு நேரம் உட்கார்ந்து சைக்கிளை எதுக்கும்மா சரிபண்ணினோம்?"

"இனிமே உஸ்ஸுன்னு கேட்டா நின்னுடுங்க," என்றார் அரசியம்மா. "அது சைக்கிள் இல்லை."

சபாநடேசன் காதைத் தீட்டிக்கொண்டு பெடலை மிதித்தார். அன்றைக்குக் காட்டுப் பாதையில் தேவாரம் கேட்கவில்லை.