வலைக்கண்ணை மூடச் சொன்ன ராசா

உங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பிறக்காத காலத்தில், கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் அதிவீரசூரர். பேர்தான் பெரிசு! சண்டைக்கு ஒருநாளும் போனதில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவார். அதிலும் வஞ்சிரம் மீன் என்றால் உயிரையே விடுவார்.

ஒருநாள் ராசா கடற்கரைக்கு வந்தார். அங்கே செம்பாயி என்பவள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். குப்பம் முழுவதற்கும் வலை பின்னித் தருகிறவள் அவள்தான். ராசா வலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்ன இது? வலை முழுக்க ஓட்டை! பாதி மீன் ஓடிப்போகுமே!"

"ஓட்டை இல்லை ராசா, அதுக்குப் பேரு கண்ணு. மீன்குஞ்சு தப்பிப் போகட்டும்னு விட்டது. அது வளர்ந்தாத்தானே பெரிசு கிடைக்கும்?"

"என் கடலில், என் மீன், என்னைக் கேட்காமல் தப்பிப் போவதா? மூடுங்கள் கண்ணை!"

கூட வந்த மந்திரிகள் மூன்று பேரும் "ஆகா, ஆகா, ஆகா!" என்றார்கள். ஆளுக்கொரு ஆகா. அதற்குத்தானே அவர்களுக்குச் சோறு?

கண் மூடிய வலை கடலுக்குப் போனது. முதல் வருஷம் மலை மாதிரி மீன். வஞ்சிரம் ராசாவுக்கு. விரல் நீளக் குஞ்சும், நெத்திலியும், பேர் தெரியாத பொடிசுகளும் யாருக்கு வேண்டும்? வண்டி வண்டியாக ஏற்றி, அரண்மனைத் தென்னைக்கு உரமாகப் புதைத்தார்கள். இரண்டாம் வருஷம் பாதிதான் கிடைத்தது. மூன்றாம் வருஷம் வலையில் வந்தது வெறும் சொறிமீன், கொழகொழவென்று இருக்கும், தொட்டாலே கை அரிக்கும்.

ராசாவின் பிறந்தநாள் வந்தது. இலையில் வஞ்சிரம் இல்லை. வந்ததே கோபம்!

"பொழுது சாய்வதற்குள் வஞ்சிரம் வராவிட்டால் குப்பத்தைக் கொளுத்துங்கள்!"

"ஆகா, ஆகா, ஆகா!"

தீப்பந்தத்தோடு ஆட்கள் அரண்மனை வாசலில் தயாராக நின்றார்கள். சேதி கேட்ட குப்பத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அழுதது. செம்பாயி அரண்மனைக்கு ஓடினாள்.

"ராசா, வஞ்சிரம் இங்கேதான் இருக்கு. ஆயிரக்கணக்கா இருக்கு. உங்க தென்னைமரத்தடியில தோண்டிப் பாருங்க!"

நம்ம ராசா என்ன செய்தார் என்கிறீர்கள்? மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்! மந்திரிகள் மூவரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார்கள். கூடை கூடையாகப் பொடி முள்தான் வந்தது.

"மீன் எங்கே?" என்றார் ராசா.

"இதுதான் ராசா! இது வஞ்சிரக் குஞ்சு, அது வஞ்சிரம் தின்ன வேண்டிய நெத்திலி. நீங்க இன்னிக்குச் சாப்பிட வேண்டியதை ரெண்டு வருஷம் முந்தியே புதைச்சிட்டீங்க. எங்க குடிசையைக் கொளுத்தினா கடல்ல மீன் முளைக்குமா?"

சமையல்காரர் சிரித்துவிட்டார். காவல்காரர் சிரித்தார். பந்தம் பிடித்தவர்களும் சிரித்து, பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார்கள்.

ராசா தலையைச் சொறிந்தார். "சரி, கண்ணைத் திறந்தே பின்னுங்கள். நாளைக்கு வஞ்சிரம் வருமா?"

"நாளைக்கா? குஞ்சு வளர வேணாமா? அதுவரைக்கும் புளிக்குழம்பு ஊத்திச் சாப்பிடுங்க."

"ஆகா, ஆகா, ஆகா!" என்றார்கள் மந்திரிகள், பழக்கதோஷத்தில்.

வலைக்குக் கண் திறந்தாயிற்று. ராசாவுக்குத் திறந்ததா என்று கேட்காதீர்கள். மூன்று வருஷம் புளிக்குழம்பே சாப்பிட்டால் யாருக்கும் திறக்கும்.

கேட்டவர்களே, மனசில் வையுங்கள்: கடலானாலும் காடானாலும், சின்னஞ்சிறு உயிருக்கும் வழி விட்டு எடுப்பவருக்குத்தான் அது நாளைக்கும் கொடுக்கும்.