பாழூர்க் கோயிலில் கேட்ட குரல்

"அம்மா, அவ குரல் எனக்கு மறந்துபோச்சு."

காரி வந்து நின்றதும் பேசிய முதல் பேச்சு அதுதான். கும்பிடக்கூட இல்லை.

காரி தோணிக்காரன். போன வருடத்து வெள்ளம் அவன் ஊரைக் கொண்டுபோயிற்று. மனைவி நங்கையையும் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து கால் போன போக்கில் அலைந்து, ஆளற்ற இந்தப் பாழூருக்கு வந்து சேர்ந்தான்.

ஒரு காலத்தில் அரசர்கள் ஆண்ட நகரமாம். இப்போது முள்ளும் பாம்பும் ஆள்கின்றன. இடிந்த கோயிலில் பூதி அம்மை என்ற துறவி தனியாக இருக்கிறாள் என்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் அவனைவிட இளையவளாக இருந்தாள்.

"மொதல்ல அவ நடை மறந்துச்சு. அப்புறம் சிரிப்பு. இப்பக் குரல். நாளைக்கு முகமும் போயிடும். அவ இருந்தாங்கிறதே பொய்யாயிடுமோன்னு இருக்கு."

"உனக்கு என்ன வேணும்?"

"மறக்காம இருக்க ஒரு மந்திரம்."

"எனக்குத் தெரியாது."

"காரி கேக்குறான்னு சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அவள் கருவறையைக் கை காட்டினாள்.

காரி எட்டிப் பார்த்தான். வெறும் பீடம். மேலே கூரைக்கல் குறுக்கே வெடித்திருந்தது.

"உள்ள யாரும் இல்லையே!"

"இல்ல."

"அப்ப யாருக்கு விளக்கு ஏத்துறீங்க?"

"இருட்டா இருக்கு. ஏத்துறேன்."

இவளிடம் ஒன்றும் கிடைக்காது என்று தோன்றிவிட்டது. திரும்பினான்.

அதற்குள் வானம் கறுத்துவிட்டது. இடி இறங்கியது. மழை சரிந்து கொட்டியது. தண்ணீர் இரைச்சல் கேட்டதும் உள்ளே ஓடிவந்தான். தூணோடு ஒண்டி, காதைப் பொத்திக்கொண்டான்.

அம்மை விளக்கோடு கருவறைக்குள் போனாள்.

கல் முறியும் சத்தம். விளக்கு அணைந்தது.

"காரி!"

அது துறவியின் குரல் இல்லை. பயந்துபோன ஒரு பெண்ணின் குரல்.

"கால் மாட்டிக்கிச்சு. கூரை இறங்குது!"

வாசல்வரை போனான். மேலிருந்து மண் உதிர்ந்தது. உள்ளே போனால் வெளியே வர முடியுமா? ஓடிவிடலாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே உள்ளே தவழ்ந்தான்.

இருட்டில் அவள் கை அகப்பட்டது. இறுகப் பற்றிக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

வாய் தானாகப் பேசியது.

"அட, நான் இங்கனதான இருக்கேன். எங்க போயிடப் போறேன்? கண்ண மூடிக்க ராசா. மழை இதோ விட்டுரும்."

பேசிக்கொண்டே தோளைக் கொடுத்துக் கல்லை நெம்பினான். அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். அவர்களுக்குப் பின்னால் கருவறை மடிந்து சரிந்தது.

இருவரும் மழையிலேயே கிடந்தார்கள். வெகுநேரம் மூச்சு வாங்கியது.

பிறகு பூதி அம்மை கேட்டாள்.

"உள்ள என்னை ராசான்னு கூப்பிட்டது யாரு?"

காரி எழுந்து உட்கார்ந்தான்.

இடி இடித்தால் சுருண்டுகொள்கிறவன் அவன்தான். அப்போதெல்லாம் இதே பேச்சைப் பேசி, அவனை ராசா என்று கூப்பிட்டவள் நங்கை ஒருத்திதான்.

மெல்லக் கையை உயர்த்தி, தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான்.